வாய் மட்டும் தெரியும் பையன்

தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, வலது முஷ்டியால் அதில் ஓங்கி ஒரு குத்து விடுகிறார். "உக்!" என்று பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அவர் தொண்டையிலிருந்து அலறுகிறான்.

"அக்கா, இது வயித்துல விழுற குத்து இல்ல. முதுகுல," என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிபெருக்கி வழியே குரல் வருகிறது.

"முதுகுலயா? முன்னாடியே சொல்றதுக்கு என்னப்பா?"

"எனக்கே இப்பதான் தெரியும். தாள்ல 'பின்னாலிருந்து'ன்னு போட்டிருக்கு."

தலையணை முதுகுக்கும் சுவருக்கும் நடுவே போகிறது. சுவரில் ஒரு மோதல். "அக்!" இது வேறு அலறல். முன்னால் குத்து விழுந்தால் காற்று நேரே வாய்வழியாக வெளியேறிவிடும். முதுகில் விழுந்தால் முதலில் உள்ளே இழுக்கும், அப்புறம்தான் கத்தவே வரும். இதை அவருக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. ஓர் அக்காவுக்கும் மூன்று அண்ணன்களுக்கும் பிறகு கடைசியாகப் பிறந்ததில் கிடைத்த படிப்பு.

குரல் பதிவு செய்யும் கூடத்தில் எல்லோருக்கும் அவர் தம்பி அக்கா. இருபது வருடமாகத் தம்பிகளுக்கே குரல் கொடுத்துக் கொடுத்து ஒட்டிக்கொண்ட பெயர். பற்பசை விளம்பரத்தில் ஈயென்று இளிக்கும் பயல், சீரியலில் கூட்டத்தில் தொலைந்துபோகும் மகன், பேசும் முயல், பேசும் முயலின் தம்பி எல்லாம் அவர்தான். ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. உருண்டையான உடம்பு, தடித்த கண்ணாடி, படியேறும்போது முழங்காலில் கை வைத்துக்கொள்ளும் பழக்கம். பதிவு அறைக்குள் போகுமுன் வளையல், கடிகாரம், காதில் ஆடுவது என்று சத்தம் போடக்கூடிய எதையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வெளியே வைத்துவிடுவார். மொடமொடவென்று கஞ்சி போட்ட துணி உடுத்த மாட்டார். பசியோடும் வர மாட்டார், வயிறு முட்டவும் வர மாட்டார். மைக்குக்கு இரண்டுமே கேட்டுவிடும்.

வேலை முடிந்தாலும் அவர் தொண்டை உடனே வீடு திரும்பாது. கொஞ்ச நேரம் பையனாகவே கிடக்கும். அந்த நேரம் பார்த்து காஸ் சிலிண்டருக்கு போன் செய்தால், "தம்பி, வீட்ல பெரியவங்க இருந்தா குடுப்பா" என்பார்கள். அவரும் சளைக்காமல், "இருங்க, அம்மாவைக் கூப்பிடறேன்" என்று சொல்லி, இரண்டு மூச்சு விட்டு, குரலைக் கீழே இறக்கி, "சொல்லுங்க, அம்மாதான் பேசறேன்" என்பார்.

நான்கு வருடமாக அவரிடம் இருப்பது ஒரு ஜப்பான் கார்ட்டூன் பையன். 'கார்ட்டூன்' என்ற சொல்லைக் கேட்டாலே பதினாறு வயது மகளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அனிமேம்மா. கார்ட்டூன் இல்ல."

"ரெண்டும் வரைஞ்சதுதானேடி?"

"நீயும் பெரியம்மாவும் கூடத்தான் ஒரே வயித்துல பொறந்தீங்க. ரெண்டு பேரும் ஒண்ணா?"



கதை இவ்வளவுதான் அவருக்குத் தெரியும்: ஒரு இடிந்த நகரம். வானத்திலிருந்து எவையோ இறங்கி வருகின்றன. பெரியவர்கள் எல்லோரும் எங்கோ போய்விட்டார்கள், அல்லது தோற்றுவிட்டார்கள். நான்கு விடலைப் பிள்ளைகள் அந்த நகரத்தைக் காக்கிறார்கள். அவருடைய பையன் நால்வரில் ஒருவன், வாள்காரன். இதற்கு மேல் கேட்டால் கையை விரிப்பார். நாற்பதுக்கு மேற்பட்ட பகுதிகளில் பேசியும் அழுதும் கத்தியும், அவன் ஏன் சண்டை போடுகிறான் என்பதில் அவருக்கு இன்றுவரை தெளிவு இல்லை.

அது அவர் குற்றமில்லை, தொழில் அப்படி. படம் வெளியாவதற்கு முன்பே திருட்டுப் போய்விடக் கூடாது என்று, அனுப்புகிற நிறுவனம் திரை முழுக்கக் கறுப்பு அடித்து அனுப்புகிறது. யார் பேச வேண்டுமோ அவருடைய வாய் இருக்கும் இடத்தில் மட்டும் வட்டமாக ஒரு ஓட்டை. மற்ற மூன்று பிள்ளைகளுக்குக் குரல் கொடுப்பவர்கள் வேறு வேறு நாளில் வந்து தங்கள் பங்கைப் பேசிவிட்டுப் போவார்கள். ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாது. பேசும் வரிசையும் கதை வரிசை அல்ல. காலையில் இறுதிச் சண்டை, மதியம் அதற்கு முந்தைய சமாதானம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல ஓர் ஓட்டை வழியே ஒரு வாயைப் பார்த்துக்கொண்டு அவர் உயிரைக் கொடுத்துக் கத்த வேண்டும்.

முதல் சீசன் முழுக்க, பையன் அடிக்கடி பெயர் சொல்லிக் கூப்பிடும் பெண்ணை அவன் தங்கை என்றே நினைத்துப் பேசிவிட்டார். தங்கையிடம் பேசுகிற பாசம், தங்கையிடம் காட்டுகிற அதட்டல். எல்லாம் ஒளிபரப்பான பிறகுதான் அவள் தங்கை இல்லை, அவன் மனசில் இருப்பவள் என்று மகள் சொல்லித் தெரிந்தது. அவருக்குக் கூசிப்போய்விட்டது. ஆனால் பார்த்தவர்களோ, 'இந்த வயசில் இப்படி ஒரு கண்ணியமான காதலைப் பார்த்ததே இல்லை' என்று மாய்ந்து மாய்ந்து எழுதியிருந்தார்கள். இரண்டாவது சீசனில் விஷயம் தெரிந்து காதலோடு பேசியபோது, 'பழைய ஆழம் இல்லை' என்றார்கள்.

"எனக்கு ஒண்ணுமே புரியலப்பா," என்பார் இதைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம். அவர் பேச்சில் முற்றுப்புள்ளி மாதிரி வந்து விழும் வாசகம் இது.

ஆனால் அந்த வாயை அவருக்குத் தெரியும். கதை தெரியாது, முகம் சுவரொட்டியில் பார்த்ததுதான், வாய் மட்டும் அத்துப்படி. கோபம் வந்தால் இடது ஓரம் முதலில் இறங்கும். யாரையாவது அடிக்கப் போகுமுன் ஒரு கணம் உதட்டை மடித்துக்கொள்வான். அதற்குள் இவர் மூச்சை இழுத்து வைத்துக்கொண்டாக வேண்டும். இரண்டாவது சீசன் நடுவில் திடீரென்று ஒரு பல் நுனியில் உடைந்திருந்தது. "யாரு அடிச்சது இவனை?" என்று ஒலிப்பதிவாளரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. அன்று முழுக்க 'ச' வரும் இடத்தில் எல்லாம் கொஞ்சம் காற்று கசிகிற மாதிரி பேசினார். யாரும் கேட்கவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. உடைந்த பல்லோடு ஒரு பையன் வேறு எப்படிப் பேசுவான்?

ஒலிப்பதிவாளருக்குப் பட்டப்பெயர் காது. மூடிய கதவுக்கு அப்பால் நடைபாதையில் யார் செருப்பு தேய்கிறது என்று சொல்லிவிடுவார். வேலை தொடங்கும்போது பதிவு பொத்தானை அழுத்தினால், எல்லோரும் கிளம்பும்போதுதான் நிறுத்துவார். நடுவில் நிறுத்தி நிறுத்தி எடுத்தபோது ஒரு நல்ல அழுகையை ஒருமுறை கோட்டை விட்டுவிட்டாராம். அதிலிருந்து கொட்டாவி, இருமல், வம்பு எல்லாமே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏறிக்கொண்டிருக்கும்.

வீட்டில் அம்மாவும் மகளும்தான். மகளும் இந்தத் தொடரை விடாமல் பார்ப்பாள், ஆனால் ஜப்பான் குரலில், கீழே எழுத்து ஓட. அம்மாவின் குரலில் பார்க்கவே மாட்டாள்.

"ஏண்டி, நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருக்காம். ஆனா அவன் எதிரியைப் பாத்து 'நில்லுடா'ன்னு கத்தினா எனக்கு 'என்னம்மா'ன்னு வருது. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பாள். சில சமயம் உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வரும். என்ன ஆச்சு என்று கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா." யார் செத்தது என்று கேட்டால், "சொல்ல மாட்டேன், அப்புறம் நீ முன்கூட்டியே அழுதுடுவ."

மூன்றாவது சீசன் வேலை தொடங்கிப் பாதி நடந்திருந்த ஒரு நாள், அவர் ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே டைரக்டர் வந்து எதிரே உட்கார்ந்தார். குரல் பதிவுக்கு டைரக்டர். அவரைவிட வயதில் சின்னவர், எப்போதும் இரண்டு போன் வைத்திருப்பவர். அன்று இரண்டையும் கவிழ்த்து வைத்திருந்தார். அதுவே சரியாகப் படவில்லை.

"அக்கா, கம்பெனியிலேருந்து பேசினாங்க. பையனுக்கு உணர்ச்சி ஆழம் பத்தலையாம்."

"எங்க?"

"பொதுவா. அவன் இப்ப வளந்துட்டானாம். வெறும் சண்டைக்காரன் இல்லியாம். உள்ளுக்குள்ள நிறைய இருக்காம்."

"உள்ளுக்குள்ள இருக்கறதை வெளியில கறுப்பு அடிச்சு அனுப்பிட்டா நான் எங்கேருந்து சார் பாக்கறது?"

டைரக்டர் சிரித்தார், ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. மாதிரிக்கு ஒரே ஓர் இடத்தைக் குறித்து அனுப்பியிருக்கிறார்கள். அதை இன்று சாயங்காலத்துக்குள் மறுபடி எடுத்துக் கேட்கவைக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் நாளைக் காலையில் இரண்டு பையன்கள் குரல் சோதனைக்கு வருகிறார்கள். நிஜமான பையன்கள். ஒருத்தனுக்குப் பத்தொன்பது, ஒருத்தனுக்கு இருபது.

"அதாவது, என் பையனை வேற வீட்டுக்கு அனுப்பப் போறீங்க," என்றார் தம்பி அக்கா. விளையாட்டாகத்தான் சொன்னார். கையிலிருந்த ஆப்பிள் துண்டை மட்டும் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

வேலை போய்விடும் என்ற பயம் இல்லை அது. பற்பசைப் பயல்களும் முயல்களும் எப்போதும் உண்டு. ஆனால் வருகிறவனுக்கு அந்த உடைந்த பல் தெரியாது. அடிக்குமுன் உதட்டை மடிப்பான் என்று தெரியாது. முதுகில் அடி வாங்கினால் அவனுக்கு எப்படி மூச்சு திரும்பும் என்று தெரியாது. பன்னிரண்டு வயதில் வந்த பிள்ளை. இந்த அறையில், லிப்ட் அளவுக்கு இருக்கும் இந்தப் பஞ்சு அறையில்தான் அவனுக்குத் தொண்டை கட்டியதும் திறந்ததும்.

"சரி, எந்த இடம்?"

டைரக்டர் தாளைக் காட்டினார். இரண்டே வாக்கியம். 'ஒண்ணும் இல்ல. நீ போ.'

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதுல என்ன ஆழம் இருக்கு?"

"அதைத்தான் அவங்களும் கேக்கறாங்க."

முதலில் பழைய பதிவைப் போட்டுக் கேட்டார்கள். அவர் அதைக் கோபமாகப் பேசியிருந்தார். அதற்கு முன் ஒரு சண்டை இருந்தது, மூச்சு வாங்கியது, அந்த வேகத்தில் யாரையோ விரட்டுவதாக நினைத்து விரட்டியிருந்தார். ஓட்டையில் அந்த வாயைப் பார்த்தால் விரட்டுவதாகவும் சொல்லலாம், கெஞ்சுவதாகவும் சொல்லலாம்.

"யாருகிட்ட சொல்றான்?"

டைரக்டருக்குத் தெரியவில்லை. தாளில் 'அவளிடம்' என்று மட்டும் இருந்தது. அவள் அந்தப் பெண்ணா, அவன் அம்மாவா, எதிரிக் கூட்டத்தில் இரண்டு மூன்று 'அவள்' இருக்கிறார்களே அவர்களில் ஒருத்தியா? இந்தப் பகுதி இன்னும் எங்கும் வெளியாகவில்லை. மகளைக் கேட்டும் பயனில்லை.

"குத்து வாங்கிட்டான்னு நினைக்கறேன்," என்றார் காது. "ரத்தம் ஊத்துது, மறைக்கறான்."

"ரத்தம் ஊத்தினா வாயில தெரியாதா?"

"அடி வயித்துல வாங்கியிருந்தா?"

"காதலாத்தான் இருக்கும்," என்றார் டைரக்டர். "விட்டுக் குடுக்கறான். பதினஞ்சு வயசுல எல்லாரும் யாருக்காவது எதையாவது விட்டுக் குடுத்துக்கிட்டேதான் இருப்பாங்க."

"நீங்க யாருக்கு சார் விட்டுக் குடுத்தீங்க?" என்று காது கேட்க, டைரக்டர் ஒரு போனை நிமிர்த்தி வசனம் எழுதியவரை அழைத்தார். அவர் எங்கோ பஸ்ஸில் இருந்தார். பின்னணியில் கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார்.

"எனக்கு எழுத்து மட்டும்தான் சார் வரும். 'இட்ஸ் நத்திங். கோ'ன்னு இருந்துது, 'ஒண்ணும் இல்ல, நீ போ'ன்னு எழுதினேன். வாய் அசைவுக்குப் பொருந்துதா இல்லியா?"

"பொருந்துது."

"அப்புறம் என்ன? எறங்கற இடம் வந்துடுச்சு, வெச்சிடறேன்."

ஆக, அந்தப் பையன் யாரிடம் சொல்கிறான், ஏன் சொல்கிறான் என்று தெரியாமலே மூன்று பேர் ஒரு வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். உலகத்தில் எங்கோ ஒரு மேசை முன்னால் ஒருவர் உட்கார்ந்து இந்த உதட்டை வரைந்திருக்கிறார், அவருக்குத் தெரியும். அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

தம்பி அக்கா உள்ளே போனார். கதவு மூடியது. இரைச்சல் பதிவாகிவிடும் என்பதால் குளிர்சாதனத்தை நிறுத்தினார்கள். காதல் விட்டுக்கொடுப்பதாக நினைத்துப் பேசினார். "கொஞ்சம் சினிமாவா இருக்குக்கா." ரத்தம் ஊற்றுவதாக நினைத்துப் பேசினார். "பல்வலி மாதிரி இருக்கு." அம்மாவிடம் சொல்வதாக நினைத்துப் பேசினார். "இப்ப நீங்க அம்மாவாயிட்டீங்க." அழுகையை அடக்கிப் பேசினார், அடக்காமல் பேசினார், குரலை ஒரு படி கீழே இறக்கிக் கனமாகப் பேசினார். ஆழம் என்று கேட்டார்களே, அதுவாவது பொருந்துமா என்று. காது தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னப்பா?"

"பையன் நூறடிக் கெணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்குக்கா."

வியர்வை கழுத்தில் இறங்கியது. எதற்காக இப்படித் தடுமாறுகிறோம் என்றே அவருக்குப் பிடிபடவில்லை. இத்தனை வருடத்தில் மலையிலிருந்து விழுந்திருக்கிறார், தீயில் வெந்திருக்கிறார், தலை துண்டாகும் காட்சிக்குக்கூட ஒரே தடவையில் சத்தம் கொடுத்திருக்கிறார். ஒண்ணும் இல்லை என்று சொல்ல வரவில்லை.

"சார், ஒரு நிமிஷம். தண்ணி குடிச்சுக்கறேன்."

டைரக்டர் கம்பெனிக்காரரைச் சமாதானப்படுத்த நடைபாதைக்குப் போனார். அப்போதுதான் காது கதவைத் திறந்து, அவருடைய போனை உள்ளே நீட்டினார். "மகள். மூணாவது தடவை அடிக்குது."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து மைக்குப் பக்கத்திலேயே போனைக் காதில் வைத்தார்.

"அம்மா, எங்க இருக்க?"

"வேலையிலதான். என்னடி?"

"க்ளாஸ்ல ஒருத்தி காட்டினா. பையனுக்கு வேற குரல் போடணும்னு ஆன்லைன்ல நெறைய பேர் கேட்டிருக்காங்கம்மா. ஒருத்தன் எழுதியிருக்கான், அவன் வாளை உருவினா 'ஹோம்வொர்க் முடிச்சியா'ன்னு கேக்கற மாதிரியே இருக்காம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாத்தான் எழுதியிருக்கான்."

"சிரிக்காதம்மா. அவனுக்கு நான் நல்லா குடுத்தேன் பதிலு. நீதான்னு சொல்லல. ஆனா குடுத்தேன்."

"நீதான் என் குரல்ல பாக்கவே மாட்டியே."

"அது வேற." மகள் குரலைத் தணித்தாள். "நிஜமாவே மாத்தப் போறாங்களாம்மா? உன் குரலு வேற என்னவோ மாதிரி இருக்கு. என்ன ஆச்சு?"

தொண்டை இன்னும் பையனாகவே கிடந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல. நீ போ, போய்ச் சாப்பிடு."

"சரிம்மா."

போனை மடியில் கவிழ்த்தார். நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு அப்பால் காது எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கை ஹெட்போனில், ஒரு கை அந்தரத்தில், பஸ்ஸை நிறுத்தச் சொல்பவர் மாதிரி.

"அக்கா, அசையாதீங்க."

"ஏன், பூச்சி ஏதாவதா?"

காது பதிவைப் பின்னால் ஓடவிட்டார். ஒலிபெருக்கியில் ஒரு பையன் பேசினான்: ஒண்ணும் இல்ல. நீ போ.

தம்பி அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார். "யாரு இது?"

"நீங்கதான்."

"எப்ப எடுத்தது?"

"இப்பதான்."

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. இன்னொருமுறை போடச் சொன்னார். அதில் அழுகை இல்லை, கோபம் இல்லை, குரல் நடுங்கவில்லை. சாதாரணமாகத்தான் இருந்தது. அந்தச் சாதாரணத்தைக் கட்டி நிறுத்த அந்தக் குரல் எவ்வளவு பாடுபடுகிறது என்பது, கேட்கிறவருக்கு மட்டும் எப்படியோ தெரிந்தது. டைரக்டர் நடைபாதையிலிருந்து ஓடி வந்தார். மூன்றாவது முறையும் போட்டார்கள்.

"இதேதான்க்கா! இதே மாதிரி ஒண்ணு குடுத்துடுங்க, முடிஞ்சுது."

அவர் முயன்றார். அதே ஸ்டூல், அதே போன் காதில், கண்ணாடியைக்கூடக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். வாயைத் திறந்தால் நாடகம் வந்தது.

"இப்ப நீங்க உங்களையே மிமிக்ரி பண்றீங்க," என்றார் காது வருத்தத்தோடு.

"நான் அப்ப என்ன பண்ணேன்னு எனக்கே தெரியலப்பா. நடிக்கல. சும்மா பேசினேன்."

"அப்ப இதையே வெட்டிப் போட்டுடலாம்," என்றார் டைரக்டர். "வாய்க்கு உக்காருமா?"

"'ஒண்ணும்'ல ஒரு இழை இழுக்கணும். மத்தபடி தச்சு வெச்ச மாதிரி உக்காரும்."

"சார்," என்றார் தம்பி அக்கா. "அது என் பொண்ணுகிட்ட சொன்னது."

"அதனாலதான்க்கா நல்லா இருக்கு."

"நல்லா இருக்கறது இருக்கட்டும். அவகிட்ட நான் பொய் சொன்னேன். குரலை மாத்தப் போறாங்களான்னு கேட்டா, ஒண்ணும் இல்லன்னுட்டேன். அதை ஊரே கேக்க டிவியில போடறதா?"

 காது மெதுவாகச் சொன்னார்: "அவனும் ஒருவேளை அதைத்தான் பண்றானோ என்னவோ, யாரு கண்டா."

அதைக் கேட்டு அவர் திரையைப் பார்த்தார். கறுப்புக்கு நடுவே ஓட்டையில் அந்த வாய் பாதி திறந்து நின்றிருந்தது. அப்படியா? அதுவும் தெரியாது. ரத்தமாக இருக்கலாம், காதலாக இருக்கலாம். இந்த வயதுப் பிள்ளைகள் ஏன் எதைக் கேட்டாலும் ஒண்ணும் இல்லை என்கிறார்கள் என்று எத்தனையோ முறை அலுத்துக்கொண்டிருக்கிறார். இன்றைக்குத் தான் ஏன் சொன்னோம் என்று யோசித்தால் அதற்கும் ஒழுங்காக ஒரு காரணம் கிடைக்கவில்லை. அவள் கவலைப்படுவாள் என்பதா? கவலைப்பட்டு இன்னும் நாலு கேள்வி கேட்பாள் என்பதா? யாராவது இன்னும் ஒரு வார்த்தை அன்பாகக் கேட்டிருந்தால் அங்கேயே உடைந்திருப்போம் என்பதா?

"அவன் பொழைப்பானா சார், இந்தப் பகுதியில?"

"தெரியலக்கா. அடுத்த பகுதியில அவனுக்கு நாலு பக்கம் வசனம் வந்திருக்கு. அப்ப பொழைப்பான்."

"சரி," என்றார் அவர். "போட்டுப் பாருங்க."

காது கொஞ்ச நேரம் பொத்தான்களோடு மல்லாடினார். டைரக்டர் ஒரு போனில் கம்பெனிக்காரரை அழைத்து, அதை ஒலிபெருக்கியின் பக்கத்தில் கொண்டுபோனார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க, குரல் ஒருமுறை போனது.  மறுபடி போடச் சொன்னார்கள். மறுபடி போனது. அப்புறம் டைரக்டர் போனைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டு, தலையாட்டி, தலையாட்டி, முகமெல்லாம் பல்லாகி, "இல்ல, இல்ல, புது ஆள் இல்ல," என்றார். "பழைய ஆள்தான். ஆமா. நாளைக்கு வர வேண்டாம்னு அந்தப் பசங்ககிட்ட சொல்லிடறேன்."

"அக்கா! பையன் உங்க வீட்லயே இருக்கட்டுமாம்!" என்று காது உள்ளே பார்த்துக் கத்தினார்.

தம்பி அக்கா காதில் வாங்கினாரா தெரியவில்லை. உள்ளே இருந்த சின்னத் திரையில் அந்த இடம் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. காது நிறுத்த மறந்திருந்தார். கறுப்பு. ஓட்டை. உதடு அசைகிறது, ஒண்ணும் இல்ல. நிற்கிறது. மறுபடி அசைகிறது, நீ போ. பிறகு அது மூடிக்கொள்கிறது. மூடிய பிறகும் ஒரு கணம், இடது ஓரத்தில் ஏதோ. இதுவரை அந்த இடத்தில் அவர் ஒரு மூச்சைப் போட்டு நிரப்பியிருந்தார், இப்போது அங்கே ஒன்றும் இல்லை.

ஸ்டூலை விட்டு எழுந்து திரைக்கு அருகே போனார். வலது கையின் விரல்களை மடக்கி, அந்த வாய்க்கு மேலே, நெற்றி இருக்க வேண்டிய கறுப்பில் புறங்கையை வைத்து, காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தார்.